மடலாடற்குழுக்களின் இடமாற்றமும் ஆய்வுச் சான்றுகளின் நிலைபேறும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல் வழி நிகழ்ந்த ஆய்வுரையாடல்கள் தமிழியலுக்கு முப்பதாண்டுச் சான்றுத் தொகுதி ஒன்றை உருவாக்கியுள்ளன. அவற்றைத் தாங்கிய தளங்கள் முதுமையடைந்தும் மூடப்பட்டும் வருவதால், புதிய தளத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆய்வுக் குழுக்களை வந்தடைந்துள்ளது. அத்தேர்வு பெரும்பாலும் வசதி, செலவு ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்யப்படுகிறது. பழைய மடல்களைப் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்லுதல் ஒரு பதிப்புச் செயல் என்றும், உரையாடும் இடத்தையும் காப்பக இடத்தையும் தனித்தனியே முடிவுசெய்தல் வேண்டும் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: மடலாடற்குழு, காப்பகம், யாஹூ குழுமம், திஸ்கி, ஒருங்குறி, திருமழபாடிக் கல்வெட்டு

முன்னுரை

தமிழ் இணைய வரலாற்றை எழுதுவோர் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் வலைத்தளங்களையும் விரிவாகப் பேசுவர். மடலாடற்குழுக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றைத் தோற்றுவித்தவர் யார், தோன்றிய காலம் எது என்ற அளவில் நின்றுவிடும். அக்குழுக்களில் எழுதப்பட்டவை இன்று எங்கே உள்ளன, எவ்வடிவில் உள்ளன, அவற்றை ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்ட இயலுமா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட், மலேசியாவிலிருந்து மருத்துவர் செ. ஜெயபாரதி நடத்திய அகத்தியர், இலக்கிய வாசகர்கள் கூடிய மரத்தடி, ராயர் காப்பி கிளப், தமிழ் மரபு அறக்கட்டளையின் மின்தமிழ், மரபுக்கவிதைக்கென அமைந்த சந்தவசந்தம் எனப் பல குழுக்கள் தோன்றின. கல்வெட்டு, யாப்பு, ஊர்ப்பெயர், சொற்பிறப்பு, பாடவேறுபாடு பற்றிய உரையாடல்கள் இத்தகைய குழுக்களில் நிகழ்ந்தன. அவ்வுரையாடல்களுள் நூலாகவும் கட்டுரையாகவும் மலர்ந்தவை சில. எஞ்சியவற்றுக்கு மடல்களே சான்று. தளம் மாறும்போது அச்சான்றுக்கு நேர்வது என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மடல் இழை என்னும் சான்று

ஒரு மடலின் ஆய்வு மதிப்பு அம்மடலுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த மடல்களோடு அது கொண்டுள்ள தொடர்பும் அம்மதிப்பில் பங்கு கொள்கிறது. இத்தொடர்பே இழை எனப்படுகிறது.

சமயபுரத்தை அடுத்துள்ள கண்ணனூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரனின் தமிழகத் தலைநகராக, விக்கிரமபுரம் என்னும் பெயரும் பெற்று விளங்கியது. இங்குள்ள சிவன்கோயில் இன்று போசீசுவரர் கோயில் என வழங்குகிறது. பெயரை மட்டும் காண்பவர் அதனைப் போசராசனோடு தொடர்புபடுத்த இடமுண்டு. போசளரின் பெயரால் அமைந்த போசளீசுவரம் என்பதே காலப்போக்கில் இவ்வாறு திரிந்தது. இவ்வூர் பற்றிய வினா ஒன்று மடலாடற்குழுவில் எழுந்ததாகக் கொள்வோம். முதல் மடல் போசராசனைச் சுட்டும், இரண்டாவது ஐயுறும், மூன்றாவது கல்வெட்டுத் தொடரைக் காட்டித் திருத்தும். இழை குலையாதவரை இம்மூன்றும் சேர்ந்து ஒரு சிறந்த ஆய்வுக் குறிப்பு ஆகும். இழை அறுந்து மடல்கள் தனித்தனியே சிதறினால், தேடுபொறி முதல் மடலை மட்டும் எடுத்துத் தரக்கூடும். பிழையும் திருத்தமும் பிரிந்துவிட்டால், வாழப்போவது எது என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே ஒரு மடலாடற்குழுவின் காப்பகத்திலிருந்து ஆய்வாளர் எதிர்பார்ப்பவை நான்கு: எழுதியவர் பெயர், எழுதிய நாள், எம்மடலுக்கு மறுமொழி என்ற தொடர்பு, மேற்கோள் காட்டத்தக்க நிலையான முகவரி. மடலின் வாசகம் முழுமையாகக் காக்கப்பட்டு இந்நான்கில் ஒன்று அழிந்தாலும் அது குறையுடைய சான்றே.

யாஹூ குழுமங்களின் முடிவு

2000ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனம் இ-குரூப்ஸ் என்னும் சேவையை வாங்கித் தன் குழுமச் சேவையை விரிவாக்கியது. கட்டணமின்மை, இணையவழிக் காப்பகம், கோப்புகளைச் சேமிக்கும் இடம் ஆகியவற்றால் தமிழ்க் குழுக்கள் பல அங்குக் குடியேறின. ஒவ்வொரு மடலுக்கும் குழுவுக்குள் ஒரு வரிசையெண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணைச் சுட்டினால் மடலை அடைந்துவிடலாம் என்பதால் மேற்கோள் காட்டுவதும் எளிதாயிற்று.

2019 அக்டோபரில் இந்த ஏற்பாடு முடிவுக்கு வரவிருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. புதிய பதிவேற்றம் அம்மாதமே நிறுத்தப்பட்டது. காப்பகங்கள் டிசம்பர் 14 அன்று நீக்கப்படும் என்று கூறப்பட்டுப் பின்னர்த் தரவிறக்கக் கோருவதற்கான கெடு 2020 சனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவை முழுவதும் மூடப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் நீக்கத்திற்கெனக் குறிக்கப்பட்ட முதல் நாளுக்கும் இடையே இரண்டு மாதங்களே இருந்தன. இருபதாண்டு உரையாடலைப் படியெடுக்க அளிக்கப்பட்ட அவகாசம் அவ்வளவே. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் அமைப்பு உலகெங்குமுள்ள குழுக்களின் மடல்களை மீட்க முயன்றது. தனிப்பட்ட குழு உரிமையாளர்கள் சிலர் தம் குழுக்களைப் படியெடுத்தனர். பொறுப்பாளர் மறைந்துவிட்ட அல்லது கவனிப்பாரற்றுப்போன குழுவுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இதற்கு நிறுவனத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வணிக நிறுவனம் பயன் குறைந்த சேவையை மூடுதல் இயல்பு. ஓர் அறிவுத்துறை தன் சான்றுகளின் ஒரே படியை, மூடும் உரிமை முழுவதும் பிறர் கையில் உள்ள இடத்தில் வைத்திருந்தது என்பதே ஆராயத்தக்க குறை. வரிசையெண் கொண்ட அந்த முகவரிகளை அடிக்குறிப்பில் தாங்கிய ஆய்வேடுகளும் கட்டுரைகளும் இன்று திறவாத கதவுகளையே சுட்டி நிற்கின்றன.

பெயரைத் தனதாக்கிய குழு

இதற்கு மாறான ஒரு போக்கினை இந்தியவியல் மடலாடற்குழுவில் காணலாம். சமசுகிருத அறிஞர் டொமினிக் வுஜாஸ்டிக் 1990இல் தொடங்கிய இக்குழு, தமிழியல் அறிஞர்களும் பங்கேற்கும் களமாகும். தொடக்கக் காலத்தில் இது இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் லிஸ்ட்செர்வ் மென்பொருளின்வழி இயங்கியது. பின்னர் அப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, குழுவுக்கெனப் பதிவுசெய்யப்பட்ட இந்தியவியல் என்னும் சொந்தத் தளப்பெயரின்கீழ் மெயில்மேன் மென்பொருளுக்கு மாறியது. பழைய மடல்களும் உடன் கொண்டுசெல்லப்பட்டன.

இவ்விடமாற்றத்தில் இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கன. முதலாவது, தளப்பெயர் குழுவின் உடைமையாக இருத்தல். வழங்கி எந்நாட்டில் இருப்பினும், எந்நிறுவனத்தின் வாடகையில் இருப்பினும், வாசகர் அறிந்த முகவரி மாறாதிருக்க இது வழிசெய்கிறது. இரண்டாவது, பழைய மடல்களை ஒரு பொதுவான வடிவில் வெளியே எடுக்க இயலுதல். லிஸ்ட்செர்வும் மெயில்மேனும் மடல்களை எளிய உரைக்கோப்புகளாகக் கையாளக்கூடியவை. எம்பாக்ஸ் எனப்படும் கோப்பு வடிவம் எந்த ஒரு நிறுவனத்தின் தனியுடைமையும் அன்று.

எனினும் இம்முறையும் குறையற்றதன்று. மெயில்மேனின் இரண்டாம் பதிப்பு பைத்தான் 2 என்னும் நிரல்மொழியைச் சார்ந்தது. அம்மொழிக்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிந்தது. மேலும், அப்பதிப்பின் பைப்பர்மெயில் காப்பகம் மடல்களை வந்த வரிசைப்படி எண்ணி முகவரி வழங்குவது. இடையிலுள்ள மடல் ஒன்றை நீக்கிக் காப்பகத்தை மீண்டும் உருவாக்கினால் பின்வரும் மடல்களின் எண்கள் நகர்ந்துவிடும்; பழைய மேற்கோள் வேறொரு மடலைச் சுட்டும். திறவாத கதவைவிடத் தவறான அறைக்குள் திறக்கும் கதவு ஆய்வுக்கு மிகுந்த தீங்கு தருவது. 2015இல் வெளிவந்த மெயில்மேன் மூன்றாம் பதிப்பின் ஹைப்பர்கிட்டி காப்பகம், மடலின் தனி அடையாளக் குறியிலிருந்தே முகவரியை உருவாக்குகிறது. காப்பகத்தை எத்தனை முறை மீட்டமைத்தாலும் அம்முகவரி மாறுவதில்லை.

குறியேற்றம்: தமிழுக்கே உரிய சிக்கல்

ஆங்கில மடல்களின் இடமாற்றத்தில் பெரிதும் எழாத ஒரு சிக்கல் தமிழ் மடல்களில் உண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர்த் தமிழ் மடல்கள் பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன. இணையத் தமிழர் கலந்தாய்வில் உருவான திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப், தனிப்பட்ட எழுத்துருக்களின் குறியேற்றங்கள், உரோமன் எழுத்துப்பெயர்ப்பு ஆகிய அனைத்தும் ஒரே குழுவில், சில வேளைகளில் ஒரே மடலில் இடம்பெறக்கூடும். மறுமொழி எழுதுபவர் முந்தைய மடலை அப்படியே மேற்கோளாக இணைப்பதால் இக்கலப்பு அடுக்கடுக்காக வளரும்.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் ஒன்றுக்கு ஒன்றாகக் குறியை மாற்றும் எளிய செயலன்று. திஸ்கியில் ‘கொ’ என்னும் எழுத்து, கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மூன்று குறிகளாக அமையும். ஒருங்குறியில் ககரம் முதலில் நிற்க, ஒகரக் குறி அதன்பின் வரும். மேலும், திஸ்கி தமிழ் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் மேற்பாதி இடங்களையே ஐரோப்பிய மொழிகளின் மேற்குறியிட்ட எழுத்துகளும் பிற குறியேற்றங்களில் பயன்படுத்துகின்றன. எனவே கண்மூடித்தனமாக இயக்கப்படும் மாற்றுநிரல், பிரெஞ்சு அறிஞரின் பெயரிலுள்ள ஒரு மேற்குறியெழுத்தைத் தமிழெழுத்தாக்கிவிடும். பாடவேறுபாட்டை விவாதிக்கும் மடலில் ஓர் எழுத்து மாறினாலும் விவாதமே பொருளிழக்கும்.

மதுரைத் திட்டத்தின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய இத்திட்டம் தன் மின்னூல்களை முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. ஒவ்வொரு நூலும் எண்ணிடப்பட்ட தனிக்கோப்பாகவும், உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களோடும் அமைந்தது. நூல் என்ற அலகு தெளிவாக இருந்தமையால் ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் மேற்பார்வைக்கு உட்பட்டே நிகழ்ந்தது. மடல்களுக்கு அவ்வகை மெய்ப்புப் பார்ப்போர் இல்லை. ஆகையால் மாற்றப்பட்ட வாசகத்தோடு, மாற்றப்படாத மூலக்கோப்பையும் உடன்வைத்தல் இன்றியமையாதது.

திருமழபாடி காட்டும் நெறி

சான்றுகளைத் தாங்கிய தளம் பழுதுறும்போது செய்யவேண்டுவது யாது என்னும் வினா தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தது. அப்பொழுது பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்குமாறு பணிக்கப்பட்டது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இச்செய்தியையும் கல்வெட்டே தெரிவிக்கிறது.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் உள்ளன. இடிக்கும் முன்னரே படியெடுக்கப்பட்டது. படி, பழைய சுவரையும் புதிய சுவரையும் சாராத மூன்றாவது ஊடகத்தில் இருந்தது. மீண்டும் பொறிக்கப்பட்டவை படிகளே என்பது மறைக்கப்படாமல் பதிவுசெய்யப்பட்டது. கொடைகளும் நில உரிமைகளும் அக்கல்வெட்டுகளையே சான்றாகக் கொண்டிருந்தமையால் இக்கவனம் தேவைப்பட்டது. சுவர் புதிதாகிறது என்பதற்காக உரிமை அழியக்கூடாது என்னும் உணர்வு இதில் வெளிப்படுகிறது.

மடலாடற்குழுவின் இடமாற்றமும் இம்மூன்று கூறுகளைக் கொண்டே மதிப்பிடத்தக்கது. பழைய தளம் உயிருடன் இருக்கும்போதே முழுப்படி எடுக்கப்பட்டதா? அப்படி இரு தளங்களையும் சாராத இடத்தில் உள்ளதா? எவை மாறின, எவை விடுபட்டன என்னும் குறிப்பு எழுதப்பட்டதா? மூன்றாவது வினாவே பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது. ஓலைச்சுவடியிலிருந்து நூலைப் பதிப்பிக்கும் ஒருவர் தாம் கண்ட சுவடிகளையும் அவற்றின் சிதைவுகளையும் முன்னுரையில் கூறுதல் மரபு. மடற்காப்பகத்துக்கும் அத்தகைய பதிப்புரை ஒன்று தேவை.

தேர்வுக்குரிய தளங்கள்: ஒரு மதிப்பீடு

இன்று குழுக்களின்முன் உள்ள வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கூகுள் குழுமம் போன்ற கட்டணமற்ற பெருநிறுவனச் சேவை. பராமரிப்புச் சுமை இல்லை, உறுப்பினருக்கும் பழக்கமானது. தமிழ்க் குழுக்கள் பலவற்றின் தேர்வும் இதுவே. குழு உரிமையாளர் மடல்களைத் தரவிறக்கவும் வழியுண்டு. ஆயினும் உரிமையாளர் என்பவர் ஒரு தனிமனிதரின் கணக்கு. அவர் இல்லாதபோது அவ்வழி அடைபடும். முகவரியும் நிறுவனத்தினுடையது. யாஹூவில் கண்ட நிலை இங்கும் மாறவில்லை.

இரண்டாவது, பல்கலைக்கழக வழங்கியில் மெயில்மேன் மூன்றாம் பதிப்பை நிறுவுதல். கொள்கையளவில் இதுவே உயர்ந்தது எனத் தோன்றும். ஆனால் இப்பதிப்பு முந்தையதைவிடப் பல உறுப்புகளைக் கொண்டது. நிறுவவும் பராமரிக்கவும் தேர்ந்த பணியாளர் வேண்டும். தமிழ்த்துறை ஒன்றின் வழங்கி, ஆர்வமுள்ள ஒரு பேராசிரியரின் பணிக்காலத்தோடு முடிந்துவிடக்கூடும். சொந்த வழங்கி என்பதே நிலைபேற்றுக்கு உறுதியாகாது.

மூன்றாவது, கட்டணம் பெற்று மடலாடற்குழுக்களை நடத்தித்தரும் சேவை. யாஹூவிலிருந்து வெளியேறிய குழுக்கள் பல குடிபுகுந்த குரூப்ஸ்.ஐஓ இதற்கு எடுத்துக்காட்டு. செலவு உண்டு, எனினும் ஒப்பந்த உறவும் படியெடுக்கும் வசதியும் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் பொறுப்பைத் தனிநபர் ஏற்காமல் ஓர் அமைப்பு ஏற்குமாயின் இது ஏற்கத்தக்க வழி.

நான்காவது, வாட்சப், முகநூல் போன்ற சமூக ஊடகங்கள். இளம் ஆய்வாளர்கள் பெரிதும் கூடுவது இங்கேதான். விரைவும் எளிமையும் இவற்றின் நிறைகள். ஆயின் மடலுக்கு நிலையான முகவரி, பின்னால் சேர்ந்தவருக்கு முந்தைய உரையாடல், பொதுவடிவில் முழுப்படி ஆகியவற்றை இவை உறுதியாக அளிப்பதில்லை. உரையாடலுக்கு உதவும் இவற்றைச் சான்றுக்குரிய இடமாகக் கொள்ள இயலாது.

எத்தளத்தைத் தேர்ந்தாலும் எழுதியவர் பெயர் பற்றிய ஒரு சிக்கலையும் எதிர்கொள்ள வேண்டும். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியைத் தாங்கியும் தன் சான்றொப்பத்தோடு பொருந்தாமலும் வரும் மடல்களை ஏற்க வேண்டா என்னும் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியது. மடலாடற்குழுவோ உறுப்பினரின் மடலைப் பெற்று மற்றவர்க்கு மீண்டும் அனுப்புவது. இதனால் மடல்கள் மறுக்கப்பட்டன. தீர்வாகப் பல தளங்கள் அனுப்புநர் முகவரியிருந்த இடத்தில் குழுவின் முகவரியை இடத் தொடங்கின. மடல் சென்று சேர்ந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான மடல்கள் ஒரே முகவரியிலிருந்து வந்தனவாகக் காப்பகத்தில் பதியும் நிலை உருவாயிற்று. ஒத்த பெயருடைய இருவர் எழுதியவற்றைப் பிரித்தறிய அதன்பின் வழியில்லை. சங்கப் புலவர் பெயர்களில் இத்தகைய மயக்கத்தைத் தீர்க்க எவ்வளவு உழைக்க வேண்டியுள்ளது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். அனுப்பப்படும் படியில் முகவரி மாறினும், காப்பகப் படியில் மூல முகவரி காக்கப்படுமாறு அமைத்தல் வேண்டும்.

தனியுரிமையும் காப்பும்

அனைத்தையும் காக்க வேண்டும் என்னும் கருத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. சில நூறு உறுப்பினர்க்கு என எழுதப்பட்ட மடல், உலகோர் அனைவரும் தேடிப் படிக்கத்தக்கதாக ஆவதை எழுதியவர் விரும்பியிருக்கமாட்டார். மடலில் தொலைபேசி எண்ணும் முகவரியும் உடல்நலச் செய்தியும் இருக்கக்கூடும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கவலைக்குச் சட்ட வடிவமும் தந்துள்ளது. மடலின் பதிப்புரிமை எழுதியவருடையதே என்பதும் மறக்கத்தக்கதன்று.

இம்மறுப்பு காப்பதையே தடுக்க வேண்டும் என்பதில்லை. காத்தலும் வெளியிடுதலும் வெவ்வேறு செயல்கள். முழுப்படி ஒன்று ஒரு நூலகத்தில் கட்டுப்பாட்டுடன் இருக்கலாம். பொதுவெளியில் உள்ள படியில் தனிச்செய்திகள் மறைக்கப்படலாம். நீக்கக் கோரப்படும் மடலின் இடத்தில், மடல் நீக்கப்பட்டது என்னும் குறிப்பை நிறுத்தினால் இழையும் குலையாது, மேற்கோள் முகவரிகளும் நகரா. முன்னர்க் கூறிய எண் நகர்வுச் சிக்கலுக்கும் இதுவே மருந்து.

முடிவுரை

புதிய தளம் எது என்னும் வினாவைக் குழுக்கள் ஒற்றை வினாவாக எழுப்புவதே குழப்பத்திற்கு வேராகிறது. உறுப்பினர் எங்கே உரையாடுவர் என்பது ஒன்று. உரையாடியவை எங்கே நிலைபெறும் என்பது மற்றொன்று. முதலாவதைப் பழக்கமும் வசதியும் தீர்மானிக்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை அது மாறலாம். இரண்டாவதற்குக் குழுவின் பெயரில் பதிவான தளப்பெயரும், குறித்த காலத்திற்கு ஒருமுறை பொதுவடிவில் எடுக்கப்படும் முழுப்படியும், அப்படியைப் பேணும் அமைப்பும் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து ஆவணங்களுக்கான நூலகம் நிறுவனம் போன்றவை இதழ்களையும் நூல்களையும் ஏற்பதுபோல மடற்காப்பகங்களையும் ஒரு சேகரிப்பு வகையாக ஏற்குமாயின், தனிமனிதர் கணக்கோடு சான்றுகள் மறையும் நிலை மாறும்.

குழுக்களைத் தொடக்கக் காலத்தில் நடத்தியவர்கள் முதுமையடைந்து வருகின்றனர்; சிலர் மறைந்துவிட்டனர். அவர்களின் கணினிகளிலும் மின்னஞ்சல் பெட்டிகளிலும் உள்ள பழைய மடல்கள் பல குழுக்களுக்கு எஞ்சிய ஒரே படியாக இருக்கலாம். தளங்களின் வசதிப் பட்டியலை ஒப்பிடும் முன் அப்படிகளைக் கேட்டுப் பெற்று, திஸ்கி மடல்களைத் திஸ்கியாகவே முதலில் சேமித்து, கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் பட்டியலிடுவது தமிழ்த்துறைகள் இப்பொழுதே மேற்கொள்ளத்தக்க பணி. ஒரு துறையின் ஆய்வு மாணவர் சிலர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய அளவினது அது.